ரசாயனத்தின் கதை – 14: நேட்ரான் ஏரிக்கரையில்

சென்ற அத்தியாயத்தை, 1794ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் லவாய்சியர் சிரச்சேதம் செய்யப்பட்ட நிகழ்ச்சியோடு நிறுத்தினோம். எரிதல் என்பது பிராணவாயுவோடு கூடுதலே என்றும், நீர் என்பது ஜலவாயுவும் பிராணவாயுவும் கூடி உண்டான பொருளே என்றும், எத்தனை மாறுதல் நேர்ந்தாலும் பொருள்களின் மொத்த எடை மாறுவதில்லை என்றும் தராசின் துணையால் நிலைநாட்டிச் சென்ற அந்த மேதை, ஒரு கேள்வியை மட்டும் தொடாமலே விட்டிருந்தார். இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று கூடுவதற்குக் காரணம் யாது, கூடியவை பிறகு பிரிவதற்குக் காரணம் யாது என்பதே அந்தக் கேள்வி. 1789இல் அவர் வெளியிட்ட ரசாயனப் பாடநூலின் முகவுரையிலேயே, இந்தப் பகுதி இன்னும் உறுதியான அடிப்படை பெறவில்லை என்று காரணங்காட்டி அதை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்திருந்தார். அவர் ஒதுக்கிவைத்ததைக் கையில் எடுத்தவர், அவருடைய தோழரும் வயதில் ஐந்தாண்டு இளையவருமான கிளாட் லூயி பெர்த்தொலே. விடையின் முதல் நுனி அவர் கண்ணில் பட்ட இடமோ, எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் உப்புப் பூத்துக் கிடந்த ஓர் ஏரிக்கரை.

அந்த ஏரிக்கரைக்குப் போகுமுன், அக்காலத்து ரசாயனிகள் இந்தக் கேள்விக்கு என்ன விடை வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். அவர்கள் வைத்திருந்தது ஓர் அட்டவணை. 1718இல் எட்டியேன் ஜொஃப்ருவா என்பவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் பதினாறு பத்திகள் கொண்ட ஒரு பட்டியலைச் சமர்ப்பித்தார். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஒரு பொருளின் குறியும், அதன் கீழே அப்பொருள் எவற்றோடு கூடுமோ அவற்றின் குறிகளும், அதிக நாட்டமுள்ளது மேலேயும் குறைந்த நாட்டமுள்ளது கீழேயுமாக எழுதப்பட்டிருந்தன. வெடியுப்பு அமிலத்தில் கரைந்து நிற்கும் வெள்ளியிடையே ஒரு செப்புத் தகட்டை இட்டால் வெள்ளி வெளியேறிப் படிகிறது. செம்பு கரைந்த நீரில் இரும்பை இட்டால் செம்பு வெளியேறுகிறது. ஆகையால் அந்த அமிலத்துக்கு வெள்ளியைவிடச் செம்பின்மீதும், செம்பைவிட இரும்பின்மீதும் நாட்டம் மிகுதி என்பது ஜொஃப்ருவாவின் தர்க்கம். இதே முறையை ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் இருந்த டார்பர்ன் பெர்க்மன் மிகவும் விரித்து, கரைசலில் நிகழும் மாறுதல்களுக்கு ஒரு பட்டியலும், உலையில் நிகழும் மாறுதல்களுக்கு வேறொரு பட்டியலுமாக 1775இல் வெளியிட்டார். அந்தப் பட்டியல்களுக்கு இருந்த மதிப்பு எவ்வளவென்றால், ஜெர்மானிய மகாகவி கதே, மணமுடித்த தம்பதிகளிடையே வேறு இருவர் புகுந்து விளைவித்த கலக்கத்தைச் சொல்லும் தம் நாவல் ஒன்றுக்கு 1809இல் பெயர் சூட்டியபோது, பெர்க்மனின் பரிபாஷையையே எடுத்துக்கொண்டார்.

இந்த அட்டவணைகளைப் பார்த்து நகைப்பது இன்று எளிது. ஆயினும், இன்னதையும் இன்னதையும் கலந்தால் இன்னது விளையும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிந்த முதல் முயற்சி அதுதான் என்பதையும், பெரும்பாலும் அது சரியாகவே சொன்னது என்பதையும் மறுக்கலாகாது. குறை அதன் அடியிலே மறைந்திருந்தது. ஒரு பொருளுக்கு மற்றொன்றின்மீது உள்ள நாட்டம் பிறவிக் குணம் போல மாறாதது. வலியது எதிர்ப்பட்டால் மெலியதை முற்றிலும் வெளியேற்றிவிடும். வெளியேற்றப்பட்டது எத்தனை பெரும் அளவில் திரண்டு வந்தாலும் இழந்த துணையை மீட்டுக்கொள்ள முடியாது. இந்த மூன்று நம்பிக்கைகளின்மீதுதான் முழுக் கட்டடமும் நின்றது. பொருளின் அளவு எவ்வளவு என்ற வினாவுக்கு அட்டவணையில் இடமே இல்லை.

பெர்த்தொலே 1748இல், அப்போது சார்டீனிய அரசருக்கு உட்பட்டிருந்த சவாய் நாட்டில், அன்னசி ஏரியை அடுத்த தல்லுவார் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தூரின் நகரத்தில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, பாரிஸுக்கு வந்து ஆர்லியான்ஸ் பிரபுவின் வீட்டை அண்டி வாழ்ந்து, ரசாயனத்திலே மனம் பற்றினார். துணிக்குச் சாயமேற்றும் தொழிலை மேற்பார்க்கும் அரசாங்கப் பதவி கிடைத்ததும், குளோரின் வாயுவைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என்று 1785இல் அவர் கண்டறிந்தார். மாதக்கணக்காகப் புல்வெளியில் வெயில் காயவைத்து வெளுத்துவந்த ஐரோப்பிய நெசவுத் தொழிலுக்கு அது பெரிய திருப்பமாயிற்று. அவர் அதற்குத் தனியுரிமை வாங்கிப் பணம் சேர்க்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். புரட்சிக் காலத்தில் அவரைப்பற்றி ஒரு கதை வழங்கிற்று. படைவீரர்களுக்கு அனுப்பப்படும் பிராந்தியில் விஷம் கலந்திருக்கிறதென்று பழி சுமத்தி வியாபாரிகளைத் தண்டிக்க ஆட்சியாளர் விரும்பினார்களாம். பரிசோதித்த பெர்த்தொலே விஷமில்லை என்று அறிக்கை கொடுக்க, குடித்துக் காட்டத் துணிவீரோ என்று அவர்கள் அதட்ட, அவர் ஒரு கோப்பையை அங்கேயே குடித்துக் காட்டினாராம். கதை எவ்வளவு மெய்யோ, அவருடைய சுபாவத்துக்கு அது பொருந்துகிறது.

1796இல், இத்தாலியில் வென்றெடுத்த கலைச்செல்வங்களைத் தேர்ந்தெடுக்கச் சென்ற குழுவில் ஒருவராகப் போனபோது அவருக்கு நெப்போலியனின் பழக்கம் ஏற்பட்டது. அந்த இளம் தளபதி அவரிடம் ரசாயனம் கேட்டறிவதில் ஆர்வம் காட்டினான். ஆகவே 1798 மே மாதம் தூலோன் துறைமுகத்திலிருந்து எகிப்தை நோக்கிப் பெரும் கப்பற்படை புறப்பட்டபோது, அதில் ஏற்றப்பட்ட 150க்கும் மேற்பட்ட அறிஞர்களைத் திரட்டும் பொறுப்பில் பெர்த்தொலேவுக்கும், கணித மேதை மோஞ்சுக்கும் பெரும்பங்கு இருந்தது. படகிலே நைல் நதியில் செல்லும்போது மாமலூக்குகள் கரையிலிருந்து தாக்க, பெர்த்தொலே கூழாங்கற்களைத் தம் சட்டைப்பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தாராம். ஏனென்று கேட்டதற்கு, பிடிபட்டுச் சின்னாபின்னமாவதைவிட விரைவில் மூழ்குவது மேல் என்றாராம். ஆகஸ்டு மாதத்தில் கெய்ரோ நகரத்தில் எகிப்தியக் கழகம் நிறுவப்பட்டது. மோஞ்ச் தலைவர், ஃபூரியே காரியதரிசி. பீரங்கியின் பின்னால் விஞ்ஞானம் போன காட்சியைப் புகழ்வதா இகழ்வதா என்பதை வாசகர் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். ஒரு நாட்டைப் பறிக்கப் போன படை அங்கிருந்து ஒரு ரசாயன விதியையும் கொண்டுவந்தது என்பதோடு என் வேலை முடிகிறது.

கெய்ரோவுக்கு வடமேற்கே, லிபியப் பாலைவனத்தின் விளிம்பில், கடல்மட்டத்துக்கும் தாழ்வாக ஒரு பள்ளத்தாக்கு உண்டு. வாடி நாட்ரூன் என்பது அதன் பெயர். அங்கே சங்கிலிபோல் தொடர்ந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரிகள் கோடையில் வற்றிச் சுருங்கும். கரையிலே வெண்மையான உப்புப் பாளம் பாளமாகப் படியும். அதுதான் நேட்ரான். பண்டை எகிப்தியர் தம் மன்னர்களின் உடலை ஈரம் போக்கிப் பதப்படுத்தியதும், கண்ணாடி உருக்கியதும் அதைக் கொண்டே. அதன் முக்கியமான சாரம் சோடியம் கார்பனேட். நம் வீடுகளில் அப்பளக்காரம் என்று வழங்குவதும், வண்ணார் துணி வெளுக்க எடுக்கும் உவர்மண்ணில் உள்ள காரமும் அதுவே. பாலைவனத்துக் கிறிஸ்தவத் துறவிகளின் பழைய மடாலயங்கள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு, 1799 ஜனவரி மாதக் கடைசியில், தளபதி அந்திரேயோஸி என்பவரின் காவலோடு பெர்த்தொலேவும் ஃபூரியேவும் சென்றார்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய காரம் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுவதே பயணத்தின் நோக்கம்.

ஏரியைச் சுற்றிப் பார்த்த பெர்த்தொலேவின் கண்ணுக்கு மூன்று செய்திகள் ஒருங்கே தென்பட்டன. நீரிலும் மண்ணிலும் சாதாரண உப்பு ஏராளமாக இருந்தது. கரை நெடுகிலும் சுண்ணாம்புப் பாறை இருந்தது. அந்த இரண்டும் சந்தித்த ஈரமான இடங்களில் நேட்ரான் பூத்திருந்தது. ஆகவே உப்பும் சுண்ணாம்புக் கல்லும் தம் பங்காளிகளை மாற்றிக்கொண்டு, சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடுமாக ஆகியிருக்க வேண்டும் என்பது தெளிவு. பொருள்களை இன்றைய பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன்.

இதில் அதிசயம் என்னவென்று ஆய்வுக்கூடத்தை அறியாதவர் கேட்கலாம். சோடியம் கார்பனேட்டைக் கரைத்த நீரில் கால்சியம் குளோரைடைக் கரைத்த நீரை ஊற்றினால், அந்தக் கணமே சுண்ணாம்புக் கல்லின் பொருள் வெண்பொடியாகத் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் சமையலுப்பு கரைந்திருக்கும். எந்த மாணவனும் செய்யக்கூடிய பரிசோதனை அது. பெர்க்மனின் அட்டவணையும் அப்படித்தான் நடக்கும் என்று அறுதியிட்டது. ஆனால் ஏரிக்கரையில் நடப்பதோ நேர் எதிர். பாரிஸில் எவை விளைபொருள்களோ அவை இங்கே மூலப்பொருள்கள். அங்கே எவை அழிந்தனவோ அவை இங்கே பிறக்கின்றன. நாட்டம் மாறாததென்றால், அதே பொருள்கள் ஓரிடத்தில் ஒருவாறும் மற்றோரிடத்தில் வேறுவாறும் நடப்பது எங்ஙனம்?

அளவிலும் சூழ்நிலையிலும் விடை இருக்கிறது என்று பெர்த்தொலே கண்டுகொண்டார். ஏரிக்கரையில் உப்பும் சுண்ணாம்பும் வற்றாத அளவில் இருக்கின்றன. மிகச் சிறிதளவே உண்டாகும் சோடியம் கார்பனேட்டோ, துளைகள் நிறைந்த பாறையின் வழியே மேலேறி, பாலைவனக் காற்றில் உலர்ந்து, களத்தைவிட்டு ஒதுங்கிவிடுகிறது. ஈரத்தை ஈர்த்துக் கசியும் இயல்புடைய கால்சியம் குளோரைடு மண்ணுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. இவ்வாறு விளைந்தவை இரண்டும் ஒன்றையொன்று மறுபடி சந்திக்க வாய்ப்பில்லாமல் அகற்றப்படுவதால், மெலிய நாட்டமும் ஓயாது வேலை செய்துகொண்டே போக முடிகிறது. பிற்கால ஆராய்ச்சியாளர், அந்த ஏரிகளின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட் உப்புகளைச் சிதைப்பதும் நேட்ரான் உண்டாவதற்கு ஒரு காரணம் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே பெர்த்தொலேவின் விளக்கம் அந்த ஏரிக்கு முழுமையாகப் பொருந்தாமற் போகலாம். அதனால் நஷ்டமில்லை. ஏரி தூண்டிவிட்ட சிந்தனை ஏரியைவிடப் பெரிது.

கெய்ரோவிலேயே அவர் பரிசோதனைகளைத் தொடங்கினார். அட்டவணைப்படி கந்தகாமிலத்தோடு மிக இறுகப் பிணைந்தது பேரியம். அந்தப் பிணைப்பைப் பொட்டாசு அவிழ்க்கவே முடியாது. பெர்த்தொலே பேரியம் சல்பேட்டைப் பொட்டாசோடு சேர்த்துக் கொதிக்கவைத்துப் பார்த்தார். அமிலத்தில் ஒரு பகுதி பேரியத்தைவிட்டுப் பொட்டாசிடம் வந்துவிட்டிருந்தது. முழுவதும் வரவில்லை, ஒரு பகுதியே வந்தது. ஆகவே ஓர் அமிலத்துக்காக இரண்டு காரங்கள் போட்டியிட்டால், வலியது முழுவதையும் கவர்ந்துகொள்வதில்லை. தத்தம் நாட்டத்துக்கும் அளவுக்கும் ஏற்ப இரண்டும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பொருள் கரையாத பொடியாக அடியில் இறங்கிவிடுமானால், அல்லது வாயுவாகிப் பறந்துவிடுமானால், அப்போதுதான் மாறுதல் ஒரே திசையில் கடைசிவரை போகிறது. 1799இல் எகிப்தியக் கழகத்தில் படித்த கட்டுரையில் இதை அவர் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நெப்போலியனோடு இரவோடிரவாகக் கப்பலேறிப் பிரான்ஸுக்குத் திரும்பியபின், 1803இல் இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலாக அதை விரித்தார்.

விரித்த இடத்தில்தான் வினை வந்தது. சேர்க்கையின் போக்கை அளவு மாற்றும் என்ற உண்மையிலிருந்து, சேர்ந்து பிறந்த பொருளின் உள்ளமைப்பையும் அளவு மாற்றும் என்று அவர் ஒரு படி தாண்டிவிட்டார். செம்பும் பிராணவாயுவும் கூடினால், அந்தக் கூட்டுப்பொருளில் பிராணவாயு இவ்வளவுதான் என்ற வரையறை இல்லை. இரண்டு எல்லைகளுக்கிடையே எந்த விகிதத்திலும் இருக்கலாம் என்பது அவர் கட்சி. திட்டமான விகிதம் தென்படுமானால், அது கரையாமை, ஆவியாதல் முதலிய புறக்காரணங்களால் நேர்ந்த விதிவிலக்கு என்றார். சான்றுகளும் அவரிடம் இருந்தன: எந்த அளவிலும் கலக்கும் உலோகக் கலவைகள், கண்ணாடி, காற்றில் சூடேற்றும்போது படிப்படியாக நிறம் மாறிக்கொண்டே போகும் ஈயம், தகரம் ஆகியவற்றின் பஸ்பங்கள்.

இதற்கு மறுப்பு ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்தது. ஜோசப் லூயி ப்ரூஸ்ட், பிரான்ஸில் ஆங்கெர் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகன். 1784இல் வெர்சேல்ஸில் மன்னர் முன்னிலையில் ஆகாயக் கூண்டில் ஏறிப் பறந்த துணிச்சல்காரர். செகோவியா பீரங்கிப்படைக் கல்லூரியிலும் பின்னர் மாட்ரிட்டிலும் ரசாயனம் போதித்தவர். ஸ்பெயின் அரசர் அவருக்குக் கொடுத்திருந்த ஆய்வுக்கூடத்தின் வசதி அக்காலத்துப் பல பிரெஞ்சு அறிஞர்க்கு வாய்க்காதது. அங்கே அவர் நூறு பங்கு செம்பை எடுத்து அமிலத்தில் கரைத்து, காரக் கார்பனேட்டால் வீழ்த்தினார். நூற்றெண்பது பங்கு பச்சைப் பொடி கிடைத்தது. எந்த அமிலத்தில் கரைத்தாலும், எந்த அளவில் காரத்தை ஊற்றினாலும், அதே நூற்றெண்பதுதான். இயற்கையில் கிடைக்கும் மாலகைட் என்னும் பச்சைக் கல்லைப் பகுத்துப் பார்த்தார்; பூமி தன் குடலில் எத்தனையோ காலம் வைத்துச் சமைத்த அந்தக் கல்லும், தம் குடுவையில் சில நாழிகையில் இறங்கிய பொடியும் ஒரே அமைப்பு உடையனவாக இருந்தன. இந்த முடிவை 1799இல், அதாவது பெர்த்தொலே நேட்ரான் ஏரியைப் பார்த்த அதே ஆண்டில், அவர் வெளியிட்டார். ஜப்பானிலிருந்து வந்த இங்குலிகமானாலும் ஸ்பெயினில் வெட்டியெடுத்ததானாலும், அதில் ரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றே என்பது அவர் சித்தாந்தம்.

1801 முதல் 1808 வரை இந்த வாதம் பத்திரிகைகளில் நடந்தது. பெர்த்தொலே ஒவ்வொரு புதிய சான்றாகக் கொண்டுவர, ப்ரூஸ்ட் அதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். நிறம் படிப்படியாக மாறும் தகரத்தின் பஸ்பம் ஒரே பொருளன்று, திட்டமான அமைப்புள்ள இரண்டு ஆக்ஸைடுகள் வெவ்வேறளவில் கலந்த கலவை; உலோகக் கலவையும் கண்ணாடியும் கரைசலும் கூட்டுப்பொருள்களே அல்ல; ஆக்ஸைடு என்று பெர்த்தொலே எடுத்துக்கொண்ட சிலவற்றில் நீரும் பிணைந்திருக்கிறது. கலவை வேறு, கூட்டுப்பொருள் வேறு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் பாடத்திலேயே படிக்கும் பாகுபாடு, இவ்வளவு தெளிவாக வரையப்பட்டது இந்த வழக்கில்தான். எட்டாண்டுக் காலம் எதிரெதிர் நின்றும் இருவரில் ஒருவரேனும் மற்றவரை இழித்து ஒரு சொல் சொன்னதில்லை. நம் காலத்துப் புலவர் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கடினமாயிருக்கும். 1808இல் டால்டன் தம் அணுக் கொள்கையை நூலாக வெளியிட்டார். அணுக்கள் முழு எண்ணிக்கையில்தான் கூட முடியும் என்றால், திட்டமான விகிதம் தானாகவே வந்துவிடுகிறது. ஸ்வீடனில் பெர்சீலியஸ் செய்த நுட்பமான பகுப்புகள் வழக்கை முடித்துவைத்தன. ப்ரூஸ்ட் வென்றார். வென்றும் அவர் சுகப்படவில்லை. ஸ்பெயினைப் பிரெஞ்சுப் படை ஆக்கிரமித்த குழப்பத்தில் மாட்ரிட் ஆய்வுக்கூடம் பாழாயிற்று.

தோற்றவருடைய கொள்கைக்கு நேர்ந்த கதி அதைவிடப் பெரிய நஷ்டம். பெர்த்தொலே சொன்னவை இரண்டு: சேர்க்கையின் போக்கை அளவு நிர்ணயிக்கிறது என்பது ஒன்று, கூட்டுப்பொருளின் அமைப்பை அளவு நிர்ணயிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது வீழ்ந்தபோது, முதலாவதையும் சேர்த்துக் குழியில் போட்டு மூடிவிட்டார்கள். ஆர்கேய் கிராமத்தில் தம் இல்லத்திலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, லாப்லாஸைப் பக்கத்து வீட்டுக்காரராகக் கொண்டு, கே-லுசாக், தெனார் முதலிய இளைஞர்களை வளர்த்துவிட்டு, 1822இல் பெர்த்தொலே காலமானார். ஏரிக்கரையில் அவர் கண்டது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. என் அபிப்பிராயத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசாயனத்தின் மிகப் பெரிய அசிரத்தை இதுதான். இத்தனைக்கும், இரண்டாவது கூற்றும்கூட முழுப் பொய்யன்று என்று இருபதாம் நூற்றாண்டு கண்டது. இரும்பின் ஓர் ஆக்ஸைடு போன்ற சில திடப்பொருள்களில் விகிதம் உண்மையிலேயே சிறிது நெகிழ்கிறது; ருஷ்ய ரசாயனியான குர்னக்கோவ் அத்தகையவற்றுக்குப் பெர்த்தொலேவின் பெயரையே இட்டார்.

பிரிதலைப்பற்றிய அடுத்த பெரிய வெளிச்சம் உலையிலிருந்து வந்தது. 1846இல் இங்கிலாந்தில் வில்லியம் குரோவ், வெண்ணிறமாகக் காய்ச்சிய பிளாட்டினத்தை நீருக்குள் செலுத்தினால் சிறு குமிழிகள் எழுவதையும், அவை ஜலவாயுவும் பிராணவாயுவும் கலந்த வெடிவாயு என்பதையும் கண்டார். இதிலே ஒரு விபரீதம் இருக்கிறது. அந்த இரண்டு வாயுக்களையும் கூட்டி எரித்து நீராக்கும் சுவாலையில்தான் பிளாட்டினத்தை உருக்குகிறோம். அந்தப் பிளாட்டினம் நீரைத் தொட்டதும் அதே நீரைப் பிரிக்கிறது. கூட்டிவைப்பதும் உஷ்ணம், பிரித்துவைப்பதும் உஷ்ணம்! பாரிஸில் ஹென்றி செயிண்ட்-கிளேர் தெவில் இந்த முடிச்சை அவிழ்க்க முற்பட்டார். டென்மார்க்குக்கு உரியதாயிருந்த செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர் இவர். அலுமினியத்தைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர். கடும் உஷ்ணத்தைக் கையாள்வதில் அவர் காலத்தில் இவருக்கு இணை இல்லை.

கடும் உஷ்ணத்தில் பிரிந்தவை, வெளியே வந்து ஆறுகிறபோது மறுபடி கூடிவிடுகின்றன. அதனால்தான் பிரிவை யாரும் பார்ப்பதில்லை என்று தெவில் ஊகித்தார். ஆகவே ஆறுவதற்கு அவகாசம் கொடாமல் பிரிந்த நிலையிலேயே அவற்றைப் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் கண்ட உபாயம் மிக எளியது. பீங்கான் குழாய் ஒன்றின் நடுவே மெல்லிய உலோகக் குழாய் ஒன்றைச் செருகி, உட்குழாயில் குளிர்ந்த நீரை விரைவாக ஓடவிட்டு, வெளிக்குழாயை உலையில் வெண்ணிறமாகக் காய்ச்சினார். ஒரு விரற்கடை இடைவெளிக்குள் ஒருபுறம் அனல், மறுபுறம் குளிர். அந்த இடைவெளியில் கார்பன் மோனாக்ஸைடு வாயுவைச் செலுத்தியபோது, உஷ்ணத்தால் சிதைந்து பிரிந்த கரி, திரும்பிக் கூடுமுன் குளிர்ந்த குழாயின்மீது புகையாகப் படிந்துவிட்டது. நீராவியைப் பிரிப்பதற்கு நுண்துளைகளுள்ள மண்குழாயை உபயோகித்தார்; இலேசான ஜலவாயு துளைகளின் வழியே முந்திக் கசிந்துவிட, பிராணவாயு பின்தங்கிற்று. 1857இல் அவர் இதைப்பற்றி எழுதினார். உஷ்ணம் ஏற ஏறக் கூட்டுப்பொருளில் ஒரு பகுதி பிரிந்தும் ஒரு பகுதி கூடியும் நிற்கிறது என்பதும், பிரிந்த பங்கு உஷ்ணத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறுகிறது என்பதும் அதன் சாரம்.

அவருடைய சீடர் தெப்ரே 1867இல் சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்கொண்டார். தூய கல்லை மூடிய குழாயில் இட்டு, காட்மியம் கொதிக்கும் ஆவியில் வைத்துக் காய்ச்சினால், கரியமிலவாயு வெளிப்பட்டு, அதன் அழுத்தம் சுமார் 85 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறி, அங்கே நின்றுவிடுகிறது. துத்தநாகம் கொதிக்கும் ஆவியில் அது 500 மில்லிமீட்டரையும் கடந்துவிடுகிறது. வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டால், கல் மேலும் சிதைந்து பழைய அழுத்தத்தை நிரப்புகிறது. அதிக வாயுவை உள்ளே திணித்தால், நீறிய சுண்ணாம்பு அதை விழுங்கி மறுபடி கல்லாகிறது. நம்மூர்க் காளவாயில் கல் முற்றிலும் வெந்து சுண்ணாம்பாவதற்கு நெருப்பு மட்டும் காரணமல்ல; அடியிலிருந்து மேலே ஓடும் காற்று கரியமிலவாயுவை அவ்வப்போதே அகற்றிவிடுவதும் காரணம்.

இதற்குள் வேறொருவர் சேர்க்கையின் எல்லையை அளந்துவிட்டார். மார்செலின் பெர்த்தலோ என்பது அவர் பெயர், பெர்த்தொலே அல்லர். இருவரும் பிரெஞ்சுக்காரர், இருவரும் ரசாயனிகள், இருவரும் ஒரே பிரச்சினையில் கைவைத்தவர்கள் என்பதால் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் இந்தப் பெயர்கள் ஒரு சோதனை. இவரும் பெயான் தெ செயின்-ழீல் என்பவரும் 1862இல், சாராயச் சத்தையும் காடி அமிலத்தையும் சம பங்காகக் கலந்து, எஸ்டர் என்னும் மணமுள்ள திரவம் உண்டாவதைக் கவனித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு அளவு மாறியதும் மாறுதல் நின்றுவிட்டது. எதிர்முனையிலிருந்து, எஸ்டரையும் நீரையும் கலந்து தொடங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு சிதைந்ததும் அதுவும் நின்றுவிட்டது. எந்தப் பக்கமிருந்து புறப்பட்டாலும் வந்து சேரும் இடம் ஒன்றே.

நார்வே தேசத்துக் கிறிஸ்தியானியாவில், இன்று ஆஸ்லோ என்று வழங்கும் நகரத்தில், கணிதம் தெரிந்த ஒருவரும் ரசாயனம் தெரிந்த ஒருவரும் இந்த அளவுகளையெல்லாம் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார்கள். குல்ட்பெர்க்கும் வாகேயும் ஒரு மந்திரியின் இரண்டு பெண்களை மணந்த சகலைகள். வாகே மனைவியை இழந்தபின் குல்ட்பெர்க்கின் சகோதரியை மணந்துகொண்டதால் மைத்துனர்களும் ஆனார்கள். பெர்த்தொலே கெய்ரோவில் கையாண்ட அதே பேரியம் சல்பேட்டைப் பொட்டாசியம் கார்பனேட்டோடு கொதிக்கவைத்து, இரண்டு திசைகளிலும், பலப்பல அளவுகளில், அவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். 1864 மார்ச் 15ஆம் தேதி நார்வே விஞ்ஞானக் கழகத்தில் தம் முடிவை வெளியிட்டார்கள். கூட்டும் செயலின் விசை, கூடும் பொருள்கள் ஒரு குறிப்பிட்ட கனபரிமாணத்தில் எவ்வளவு செறிந்திருக்கின்றனவோ அதைப் பொறுத்தது. பிரிக்கும் செயலின் விசை, விளைந்த பொருள்களின் செறிவைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும் இடத்தில் மாறுதல் நின்றதுபோல் தோன்றுகிறது. நின்றதுபோல் தோன்றுகிறது என்று சொன்னேன், உண்மையில் நிற்பதில்லை. வாய்க்கால் வழியே நீர் வந்துகொண்டும் கலிங்கு வழியே போய்க்கொண்டும் இருக்கும் ஏரியில் மட்டம் அசையாதிருப்பதுபோல, கூடுவதும் பிரிவதும் ஒரே வேகத்தில் நடப்பதால் அளவுகள் அசைவதில்லை. லண்டனில் வில்லியம்சன் இந்த எண்ணத்தை 1850ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தார். நார்வேக்காரர்கள் அதற்குச் சமன்பாடு கொடுத்தார்கள்.

ஆனால் கட்டுரை நார்வே மொழியில் இருந்தது. அதைப் படித்தவர் அரியர். 1867இல் பிரெஞ்சு மொழியில் எழுதியும் கவனிப்பார் குறைவு. 1879இல் ஜெர்மன் மொழியில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குள் ஹாலந்துக்காரரான வான்ட் ஹாஃப் தாமாகவே அதே வழியில் வந்து சேர்ந்து, 1884இல் வெளியிட்ட நூலில் இந்த விதியை வெப்ப சாஸ்திரத்தோடு இணைத்துவிட்டார். ஒரே சமன்பாட்டில் எதிரெதிரே ஓடும் இரண்டு அம்புகளை வரையும் வழக்கம் அந்த நூலிலிருந்து பரவியது. 1901இல் ரசாயனத்துக்கென்று முதன்முதலாக அளிக்கப்பட்ட நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

அதே 1884இல் பாரிஸில் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியரான லெ ஷாட்லியே, சமநிலையில் உள்ள ஒரு தொகுதியின்மீது உஷ்ணத்தையோ அழுத்தத்தையோ மாற்றினால், அந்த மாற்றத்தைத் தணிக்கும் திசையிலேயே தொகுதி நகரும் என்ற விதியை வகுத்தார். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு அவரே ஓர் உதாரணம் காட்டினார். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைகளின் வாய்வழியே கார்பன் மோனாக்ஸைடு ஏராளமாக வீணாகப் போவதைக் கண்ட உலைக்காரர்கள், அது தாதுவோடு போதிய நேரம் கூடியிருக்கவில்லை என்று எண்ணி, உலைகளின் உயரத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள்; இங்கிலாந்தில் 30 மீட்டரையும் கடந்த உலைகள் எழும்பின. வெளியேறும் வாயுவின் அளவு குறையவில்லை. கூடுதலும் பிரிதலும் ஏற்கெனவே சமனாகிவிட்ட வாயு அது. பனைமரத்து உயரத்துக்கு இன்னும் ஒன்று கட்டினாலும் விகிதம் மாறியிராது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு லெ ஷாட்லியே 1901இல் நைட்ரஜனையும் ஜலவாயுவையும் 200 வாயுமண்டல அழுத்தத்தில் கூட்டி அம்மோனியா உண்டாக்க முயன்றார். கருவிக்குள் காற்றுக் கலந்திருந்தபடியால் அது பயங்கரமாக வெடித்தது. அவர் முயற்சியைக் கைவிட்டார். எட்டாண்டுகளுக்குப் பின், 1909 ஜூலையில், கார்ல்ஸ்ரூ நகரத்தில் ஃபிரிட்ஸ் ஹாபர் அதே இரண்டு வாயுக்களிலிருந்து துளித்துளியாக அம்மோனியாவை வடியச் செய்து, தொழிற்சாலைக்காரர்களின் கண்முன் காட்டினார். உண்டான அம்மோனியா உலையிலேயே மறுபடி சிதைந்துவிடாதபடி அதை அவ்வப்போது குளிர்வித்து வெளியே எடுத்தது அவர் தந்திரத்தில் ஒரு பாதி. மற்றப் பாதியையும், அந்த வாயுவால் வயல்களுக்கும் போர்க்களங்களுக்கும் விளைந்தவற்றையும் அடுத்த அத்தியாயத்தில் சொல்லுவோம்.